எடை இல்லாத பார்சல்

அன்புள்ள அம்மாவுக்கு, தேவா நகர ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கூடத்திலிருந்து வியோரிகா எழுதுவது. உன் மூட்டுவலி குறைந்ததா? அப்பா பனியில் தொப்பி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாரா?

தேசியப் போட்டியில் சமநிலைக் கட்டையில் எனக்குத் தங்கம் கிடைத்ததை ரேடியோவில் கேட்டிருப்பாய். குதித்து இறங்கும்போது இடது கணுக்கால் சற்றுப் பிசகியதை அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டுப் போட்டிருக்கிறார்கள், பயிற்சிக்குப் போகிறேன்.

நீ சுட்டு அனுப்பிய கொசோனாக் இனிப்பு ரொட்டி வந்தது. வழக்கம்போல எங்கள் கோச் ஸ்மரண்டா மேடம்தான் பார்சலைப் பிரித்தார்.

"சாம்பியன் ஆயிட்டா தராசு உனக்குப் பயந்துடுமாடி?" என்றார்.

"ஒரே ஒரு துண்டு, மேடம்."

"காலையில எடை பாக்கறப்ப அந்தத் துண்டு வாயத் தொறந்து பேசும்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ரொட்டி சமையல்காரிக்குப் போயிற்று. சுற்றியிருந்த துணியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார். அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். இப்போது அதில் வாசனை போய்விட்டது.

அதனால் இனி ரொட்டி அனுப்பாதே, தங்கச்சியே சாப்பிடட்டும். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பின்னி அனுப்பு. இடது காலுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அதை ரொட்டி சுற்றும் துணியில் முடிந்து அனுப்பு. துணிக்கு இங்கே தடை இல்லை.

எடை பார்க்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். துணியைத் துவைத்துவிடாதே, அம்மா.

வியோரிகா