போத்தலுக்குச் சட்டை

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

கோயில் மண்டபத்தில் சுகாதாரக் கூட்டம். பீ.எச்.ஐ. சதீஸ், சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டத் தெரியாத சுகாதார உத்தியோகத்தர், யாரோ குடித்து முடித்த சோடாப் போத்தலைத் புனிதரின் திருப்பண்டம் போல உயர்த்திக் காட்டினார். நிறமில்லாத பிளாஸ்ரிக் போத்தலில் கிணற்று நீரை நிரப்பி ஆறு மணித்தியாலம் வெயிலில் படுக்க வைத்தால் கிருமி செத்துவிடுமாம். மேகம் மூடிய மப்பு நாளென்றால் இரண்டு நாள். வெள்ளம் வடிந்து மூன்று கிழமையாகியும் எங்கள் தன்னாமுனையில் ஒரு கிணற்றையும் நம்பக் கூடாதாம்.

"குளோரின் போடலாம், கொதிக்க வைக்கலாம், ஏலாட்டி இது" என்றார்.

குளோரின் என்றால் ஆஸ்பத்திரித் தரையின் மணம். கொதித்த நீரை என் கணவர் பேர்னாட் ‘செத்த தண்ணீர்’ என்பார். அவர் போய் 22ஆம் திகதியோடு ஒரு வருடம். நினைவுச் செபத்துக்கு இருபது பேர் வருவார்கள். எங்கள் கிணற்று நீருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. கடைத் தண்ணீர் வாங்கி வைப்பதா? இந்த வீட்டிலா?

பெப்ரவரி 6

பக்கத்து வீட்டு மேர்சி அடுத்த நாளே தொடங்கிவிட்டாள். கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில்தான் இருந்தோம். படித்தது நான் மட்டும். அவளுடைய கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் பன்னிரண்டு போத்தல்கள் அம்மணமாகக் காலை நீட்டிப் படுத்துக் கிடக்கின்றன. பூசைக்குப் போகிற சனம் முழுவதும் பார்க்கிறது.

"என்ன கா செசிலி பாக்காய்? நீயும் வையன்."

"என்னட்டக் கோழி இல்ல" என்றேன்.

பெப்ரவரி 10

செய்வதென்றால் முறையாகச் செய்ய வேண்டும். தேங்காயெண்ணெய் பூசி லேபலை உரித்தேன். நீரைத் துணியில் வடித்தேன். கலங்கல் இருக்கிறதா என்று பார்க்கப் போத்தலைப் பத்திரிகையின் மேல் நிறுத்தி மேலிருந்து எழுத்தை வாசிக்கச் சொன்னார் சதீஸ். தலைப்பு மட்டுமா, மரண அறிவித்தல் வரை வாசித்தேன். பின்வளவில் சீமெந்துக் கட்டு. காலையிலிருந்து நல்ல வெயில்.

ஒரே குறை, வேலியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கோயில் வீதியிலிருந்து எல்லாம் தெரியும். மேர்சியைப் போல என்னால் முடியாது. ஆகவே ஒவ்வொரு போத்தலுக்கும் வெள்ளை நூலில் ஒரு குறோசே சட்டை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் இமெல்டா பழக்கிய நெருக்கப் பின்னல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓர் ஓட்டைகூடத் தெரியக் கூடாது என்பார்.

தெரியவில்லை.

பெப்ரவரி 18

இருபது சட்டையும் முடிந்தன. சட்டையோடு வெயிலில் வைத்த போத்தலை மத்தியானம் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. கிருமி என்ன, கிருமியின் பாட்டனும் தப்ப முடியாது.

பெப்ரவரி 22, சனி

பேர்னாட்டின் நாள். செபம் நன்றாக நடந்தது, வாசகத்தில் மூன்று உச்சரிப்புப் பிழை தவிர. நீரைச் சட்டையோடு மேசையில் வைத்தேன். எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். "தண்ணிக்கும் மரியாதை தெரிஞ்ச வீடு" என்றார் பங்குச் சுவாமி. மேர்சி மூன்று கிளாஸ் குடித்தாள். இனிப்புக்கு வட்டிலப்பம், வழக்கம் போல ஏறாவூர் நிஸ்றாவுடையது. இருபது வருடமாக அவளைத் தவிர யாரிடமும் வாங்கியதில்லை. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். குடித்தது தேநீர் மட்டும். விருந்துக்கு வைத்த நீரில் வீட்டுக்காரி கை வைப்பதில்லை.

பெப்ரவரி 24

நான்கு பேருக்கு வயிற்றோட்டம். மேர்சியை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சேலைன் ஏற்றுகிறார்கள். எழுபத்தாறு வயது உடம்பு. டொக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லையாம்.

கேற்றடியில் மூன்று பெண்கள். "வட்டிலப்பம்தான் அக்கா. முட்டையும் தேங்காய்ப்பாலும், வெயிலுக்க பஸ்ஸில வந்தது."

"இருக்கும்" என்றேன்.

ஒரு சொல்தானே.

பெப்ரவரி 26

அந்த ஒரு சொல் ஏறாவூருக்குப் போய்விட்டது. நிஸ்றா வந்தாள். உட்காரவில்லை.

"நீங்களும் ரெண்டு கிண்ணம் திண்டீங்கதானே அம்மா? உங்களுக்கு ஒண்டும் செய்யல்லியே?"

நான் கதிரையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இந்த ஊர்க் கலியாண ஓடர் ரெண்டும் நிண்டு போச்சி. செசிலி அம்மாவே ‘இருக்கும்’ எண்டு செல்லிட்டாங்களாம். வேற யாரும் செல்லியிருந்தா நான் வந்திரிக்க மாட்டன்."

வெயிலில் வந்தவள். தண்ணீர் தரவா என்று கேட்டேன். "வேணாம்மா" என்றாள். இருபது வருடத்தில் முதல் தடவை.

பெப்ரவரி 27

ஆஸ்பத்திரி. மேர்சி வற்றிப்போய், தலையணைக்குள் பாதி முகம்.

"கண்ட வட்டிலப்பத்தையும் தின்னாதே என்றால் கேட்கிறாயா?" என்று தொடங்கினேன்.

"நான் அதைத் தொடவே இல்ல கா. எனக்குச் சீனி வருத்தம் எண்டு உனக்குத் தெரியாதா? உன்ட தண்ணிதான், மூணு கிளாஸ். நல்ல தண்ணி" என்று சிரித்தாள்.

அவள் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது —

வட்டிலப்பம் திண்டவள் நான். எனக்கு ஒண்டுமில்ல. தண்ணி குடிச்சவள் அவள். யேசுவே, நான் முறையாத்தானே செஞ்சன்? எங்க பிழை?

பெப்ரவரி 28

சதீஸை நானே வரச் சொன்னேன். சீமெந்துக் கட்டின் முன் குனிந்து ஒரு போத்தலின் சட்டையைக் கழற்றினார்.

"சூடாகத்தானே இருந்தது?" என்றேன்.

"சூட்டை நம்பாதீங்க அம்மா. வெளிச்சம்தான் கிருமியைக் கொல்லுற. வெயில் போத்தலுக்குப் படோணும், சட்டைக்கில்ல."

சிரித்திருந்தால் ஏசியிருக்கலாம். அந்த வசதியையும் அவர் தரவில்லை. ஊருக்குத் தானே சொல்வதாகச் சொன்னார், என் பெயர் வராமல். நல்ல மனிதர். பொத்தானைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

என் பெயர் வராமல்.

மார்ச் 1

கோயிலில் வாசிக்க மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் தமிழ் அழகாக இருக்கிறது. ‘நேர்ந்துவிட்டது’, ‘கவனிக்கப்படவில்லை’, ‘தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது’. மூன்றிலும் என்னைக் காணவில்லை.

கிழித்துவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்து அறிவித்தலுக்குப் பிறகு எழுந்தேன். கையில் தாள் இல்லை.

"நிஸ்றாட வட்டிலப்பத்தில ஒரு பிழையும் இல்ல. பிழை என்ட தண்ணியில. வெயிலில வச்ச போத்தலுக்குச் சட்டை போட்டவள் நான். ‘இருக்கும்’ எண்டவளும் நான்."

"போத்தலுக்குச் சட்டையா?" என்றது ஒரு பிள்ளை. பின் வரிசை வாங்கில் ஒருவர் சிரிக்க, கோயில் முழுவதும் சிரித்தது. சுவாமி இருமினார், அந்த இருமலை எனக்குத் தெரியும். பேர்னாட் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

பிறகு பஸ்ஸில் ஏறாவூருக்கு. நிஸ்றாவுக்கு நோன்பு முதல் நாள். வாசலில் நின்று கேட்டாள்.

"கோயில்லயே செல்லிட்டீங்களா?"

"ஓம்."

"எல்லாருக்கும் கேட்டிச்சா?"

"கடைசி வாங்கு வரை."

"சரி" என்றாள். கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான் எனக்குரியது.

மார்ச் 11

மேர்சி வீடு வந்துவிட்டாள். குனிய முடியாது. இரண்டு வீட்டுப் போத்தலும் இப்போது கோழிக்கூட்டுத் தகரத்தில். தகரத்தில் சூடும் சேர்ந்து பிடிக்குமாம். நான்தான் அடுக்குகிறேன். அவள் கதிரையில் இருந்தபடி கேட்கிறாள்:

"உன்ட கோழி எங்க கா?"

இதை ஒரு நாளைக்கு நான்கு முறை கேட்கிறாள். சேலைனில் என்னத்தை ஏற்றினார்களோ.

மார்ச் 19

நின்று போன கலியாண ஓடர்களில் ஒன்று நிஸ்றாவுக்குத் திரும்பிவிட்டதாம். மற்றது இல்லை.

ஏப்ரல் 12, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. நோன்புப் பெருநாள் முடிந்து நிஸ்றா முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்தாள். உயிர்ப்பு ஞாயிறுக்குக் கோயிலில் முப்பது கிண்ணம் சொல்லியிருக்கிறார்கள், அதைப் பேச. கேற்றடியிலேயே நின்றாள். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை; வருவதா இல்லையா என்பது அவளுடைய உரிமை.

சரியான வெக்கை. நெற்றியைத் துடைத்தாள்.

"கொஞ்சம் தண்ணி தாங்கம்மா."

போத்தலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, வெயிலுக்கு எதிரே பிடித்து, கழுத்திலிருந்து அடி வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நூல்கூட இல்லை.

குடித்தாள்.