பதினோரு மரமும் ஒரு மணிக்கட்டும்

செம்பாக்கம்
6-9-2024

பூவராகனுக்கு,

ஞானையா எழுதுகிறேன். போனை நீ எடுப்பதில்லை. ஏரிக்கரைத் தோட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் இருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்குத் தபால் போட வேண்டியிருக்கிறது.

கை எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டேன். இனி என் நியாயத்தைக் கேள்.

ஞாயிறுதோறும் நீங்கள் ஆறு மணிக்கு வருவீர்கள். நான் சர்ச் முடிந்து ஒன்பதுக்கு வருவேன். அந்த மூன்று மணி நேரத்தைப் பார்த்துத்தானே வெட்டினாய்? புங்கன் நான்கு, நாவல் மூன்று, மருதம் நான்கு. நெருக்கி நட்டால் மூன்றாம் வருஷம் சிலதை வெட்டிக் கலைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். நான் ஒர்க்‌ஷாப்பில் இரும்பு அறுத்தவன். செடி வைத்து, சாகக் கொடுத்து, மறுபடி வைத்துக் கற்றவன். இரண்டு கோடை கேன் கேனாகத் தண்ணீர் சுமந்தது என் தோள்.

திருவிருந்து எடுத்துவிட்டு நேரே வந்தேன். பதினோரு அடிக்கட்டைகளைப் பார்த்தேன். உன் கையில் இருந்த ரம்பத்தைத் தட்டிவிட மண்வெட்டியை ஓங்கினேன். கையில் பட்டுவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

உனக்கு மூத்தவன்,
ஞானையா


செம்பாக்கம்
9-9-2024

ஞானையா அண்ணனுக்கு வணக்கம்.

வலது கையில் கட்டு. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஜெயஸ்ரீ எழுதுகிறாள். மணிக்கட்டில் எலும்பு நொறுங்கிக் கம்பி வைத்திருக்கிறார்கள். இடது கையால் அள்ளுகிற சோறு பாதி மடியில் விழுகிறது.

வெட்டுவது கூட்டத்தில் எடுத்த முடிவு. நீங்களும் இருந்தீர்கள். "என் பொணத்து மேலதான் வெட்டணும்" என்று நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனீர்கள். ஒன்றின் கழுத்தை ஒன்று நெரித்துக்கொண்டிருந்த மரங்கள் அண்ணா. பதினொன்று போனால்தான் மற்ற முப்பது பிழைக்கும். நீங்கள் இல்லாத நேரம் பார்த்தது தப்புதான். உங்களிடம் எல்லாருக்கும் பயம்.

ஆனால் ஒரே அடி போல எழுதியிருக்கிறீர்கள். முதல் அடியிலேயே ரம்பம் பறந்து வேலியோரம் விழுந்தது. நான் தரையில் விழுந்து கையை ஊன்றினேன். ஊன்றிய கைமேல் இரண்டாவது அடி விழுந்தது. பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த கனகவல்லி அக்கா, "ஐயோ வுடு சார், செத்துடப் போறாரு!" என்று கத்தியது உங்களுக்குக் கேட்கவில்லையா? மீன் அறுக்கிற வீட்டில் பிறந்தவன் நான், ரத்தம் புதிதில்லை. என் எலும்பு உடைகிற சத்தம் புதிது.

ஆஸ்பத்திரியில் இருந்து சொல்லி போலீஸ் வந்தது. கல் தடுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். குழுவும் அதையே சொன்னது. ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வாருங்கள். எல்லார் முன்னாலும் இரண்டாவது அடியை ஒப்புக்கொண்டு, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழையபடி சேர்ந்து வேலை செய்யலாம்.

அன்புத் தம்பி,
பூவராகன்

'அவுரு நல்ல மனுஷன்னு கடைசில எழுதும்மா' என்றார் மாமா. நான் எழுத மாட்டேன். – ஜெயஸ்ரீ


செம்பாக்கம்
12-9-2024

பூவராகா,

பத்துப் பேர் முன்னால் கைகட்டி நிற்க மாட்டேன். நான் ஓங்கியது ரம்பத்தைத் தட்டிவிடத்தான்.

நேற்று கரைக்குப் போனேன். உங்கள் குழுக் கேசவன் என்னைப் பார்த்ததும் தோட்டத்துக் கேட்டைப் பூட்டினான்.

"உள்ள வராத சார். லேடீஸ் பயப்படுறாங்க."

"யாரைப் பார்த்துடா?"

"உன்னப் பார்த்துதான் சார். வேற யாரு கீறாங்க இங்க?"

கேட்டைப் பிடித்து உலுக்கினேன். கீல் பிடுங்கிக்கொண்டு வந்தது. மரத்தை வெட்டியவனுக்குக் கட்டுப் போட்டு ஆப்பிள் வாங்கித் தருகிறீர்கள். எனக்குப் பூட்டு.

உன் மருமகளிடம் சொல். என்னை நல்லவன் என்று யாரும் எழுத வேண்டாம்.

ஞானையா


செம்பாக்கம்
19-9-2024

அண்ணா,

இடது கையால் நானே எழுதுகிறேன். மூன்று விரல் மடங்கவில்லை. இனி மடங்காது என்கிறார்கள். போன ஞாயிறு பத்து மணி வரை காத்திருந்தேன். வருகிற ஞாயிறும் இருப்பேன். அதற்குப் பிறகு இருக்க மாட்டேன்.

பூவராகன்


செம்பாக்கம்
23-9-2024

பூவராகா,

நேற்று நீ காத்திருந்திருப்பாய். நான் சர்ச்சுக்கும் போகவில்லை, கரைக்கும் வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான் அடித்ததை எழுதிக் கொடுத்தேன்.

அங்கிருந்தவர் படித்துப் பார்த்தார். "பெரியவரே, கீழ வுழுந்துட்டேன்னு அவரே சொல்லிட்டாரு. உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வூட்டுக்குப் போ" என்றார். நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். இனி உன்னைத் தேடி வருவார்கள். உண்மையைச் சொல்லிவிடு. நீ சொன்ன பொய்யில் நான் பிழைக்க மாட்டேன்.

அதில் மன்னிப்பு இல்லை. இரண்டு அடி என்று எழுதியிருக்கிறேன். முதல் அடி ரம்பத்துக்கு. கீழே கிடந்தபடி நீ சொன்னாயே, "படிக்காத உங்ககிட்ட தோட்டத்த வுட்டது எங்க தப்புண்ணா" என்று. உன் கடிதத்தில் அதை நீ எழுதவில்லை. நான் ஸ்டேஷனில் எழுதிவிட்டேன். நீ அப்படிச் சொன்னதைக் கேட்டதும் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, உன் மணிக்கட்டைக் குறி பார்த்து இறக்கினேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு மரமும் ஞாபகத்தில் இல்லை.

ஞானையா