நெமௌசஸ் நகரத்து மதகுக்காரன்

ஜூன் 2
நகரத்துக்குக் குடிநீர் வரும், கல்லால் மூடிய கால்வாயை அடைத்து இன்று மூன்றாம் நாள். உள்ளே நான்கு அடிமைகள், சுவரில் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டுகிறார்கள். பில்லோவும் இருக்கிறான், என் மனைவி சென்னாவின் அண்ணன். இறங்கும் குழிக்குள்ளிருந்து கத்துகிறான்: "மாப்ளே, நிழல்ல உக்காந்து தொப்பை வளக்குறதுக்குப் பேருதான் மதகு வேலையா?" நானும் அடிமைதான், நகரத்தின் அடிமை. நிழல் ஒன்றுதான் வித்தியாசம்.

ஜூன் 5
ரோமானிய ஆளுநர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். புதிய குளியல் மாளிகையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நகர அதிகாரி மாகியஸ் மதகுக்கே வந்து நின்றார்.

"திற."

"ஐயா, உள்ள ஆளுங்க இருக்காங்க. கொம்பு ஊதி வெளிய வரவழைச்சிடுறேன், கொஞ்ச நேரம்..."

"இப்பவே திறந்தா நாளைக்கு உனக்கு விடுதலை. இல்லேன்னா நீயும் உள்ள இறங்கு. எது வேணும்?"

மதகுப் பலகையைத் தூக்கினேன். கொம்பு ஊதினேன் — தூக்கிய பிறகு.

மூன்று பேர் ஏறி வந்தார்கள்.

ஜூன் 6
பில்லோ, ஊருக்குத் தண்ணீர் பிரியும் பகிர்வுத் தொட்டியின் கம்பி வலையில் கிடந்தான். விரல்களில் நகமே இல்லை. மாகியஸ் எட்டிப் பார்த்து, "விருந்தாளிங்க கண்ணுல படாம இழுத்துப் போடுங்க" என்றார்.

பிற்பகல் எனக்கு விடுதலை. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜூன் 9
சென்னா கேட்டாள்: "அண்ணன் உள்ள இருந்தது உனக்குத் தெரியுமா?"

"எல்லாரும் வந்துட்டாங்கன்னுதான் சொன்னாங்க."

நம்பிவிட்டாள். என் மடியிலேயே தலை வைத்து அழுதாள். பொய் இத்தனை சுலபமா?

ஆகஸ்ட் 14
அன்று தப்பிய மூவரில் ஒருவன் காட்டஸ். இன்று தெருக் குழாயடியில் என் காதருகே வந்து சொன்னான்: "முதல்ல தண்ணி வந்துச்சு, அப்புறம்தான் கொம்புச் சத்தம். சென்னாகிட்ட நீங்க சொல்றீங்களா மதகுக்காரரே, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். கொஞ்ச நாள் பொறு."

பொறுக்கிறேன் என்றான். நல்லவன்.

அக்டோபர் 3
கால்வாயில் மறுபடி சுரண்டல்; மதகு இப்போதும் என் பொறுப்புதான், கூலிக்கு. ஒரு ஆள் போதும், காட்டஸை அனுப்புங்கள் என்று நான்தான் கேட்டேன். மாகியஸ் ஊரில் இல்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. உச்சிவேளைக்கு முன்பே பலகையைத் தூக்கிவிட்டேன், கொம்பு ஊதாமலே.

சாயங்காலம் சென்னா மீன் பொரித்தாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.