கழுத்தில் கட்டிப் பார்த்த கம்பளி

வெள்ளவத்தை,
18.01.2025

அன்புள்ள தம்பி ஹரிசனுக்கு,

ஒஸ்லோக் குளிரில் நீங்களும் மிதுனாவும் சுகமாக இருக்க வேணும். என் கையெழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், இங்கே ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மாமியின் பிறசர் கட்டுக்குள் இருக்கிறது. எங்கள் துணிக்கடையில் பொங்கல் வியாபாரம் பரவாயில்லை.

மூன்று மாதமாக நான் உங்களோடு கதைக்கவில்லை. ஏன் என்று மகள் மிதுனாவுக்கும் சொல்லவில்லை. என்னைக் கேளாமல் நீங்கள் இருவரும் பதிவுத் திருமணம் செய்த கோபத்தை விழுங்கிக்கொண்டுதான் அந்தக் கம்பளி மப்ளரை அனுப்பினேன். பிறகு வீடியோவில் வந்த நாலு முறையும் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெளிந்தீர்கள், கழுத்தைத் திருப்பினீர்கள், ஐந்து நிமிடத்தில் வேலை இருக்கு என்று எழும்பிவிட்டீர்கள். இந்தப் பெடியனுக்கு என்னில் மரியாதை இல்லை என்று முடிவுகட்டி, இனி அவரை ஃபோனில் தராதே என்று மகளுக்குச் சொல்லிவிட்டேன்.

போன கிழமை நஸ்லா கடைக்கு வந்தா. புறக்கோட்டையில் வெளிநாடு போகிறவர்களுக்குக் குளிருடுப்பு விற்கிறவா. மாமி உங்கள் வீடியோப் படத்தைக் காட்ட, நஸ்லா உடனே கேட்டா, இந்த மப்ளரை யார் வாங்கினது, பிள்ளையின் கழுத்து சிவந்திருக்கே என்று.

நான்தான் வாங்கினனான். கொள்ளுப்பிட்டிக் கடையில் பெட்டை மெல்லிசான ஒன்றைக் காட்டினாள். இது என்ன முகம் துடைக்கிற கைலேஞ்சி மாதிரி என்று தள்ளிவிட்டு, தடித்ததாய்ப் பார்த்து எடுத்தேன். நாற்பது வருஷம் துணியை விரலால் தேய்த்துத் தரம் சொன்ன ஆளல்லவா நான்.

கம்பளியில் மெல்லிய மயிர் தோலில் பட்டால் வளைந்துவிடுமாம். தடித்த மயிரின் நுனி வளையாமல் குத்துமாம். விரல்நுனித் தோலுக்கு அது தெரியாது, கழுத்துக்குத்தான் தெரியும் என்றா நஸ்லா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து என் கழுத்தில் சுற்றிவிட்டா. கடை ஏசியில் பத்து நிமிடம் இருந்தேன். நான் சொறிந்ததைக் கண்டு கடைப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தந்தது என்பதற்காக, நான் காண வேணும் என்று, ஒவ்வொரு முறையும் நீங்கள் அதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வெட்கமாகப் போய்விட்டது, தம்பி.

இத்துடன் புதியது வருகிறது. மெரினோ ஆட்டுக் கம்பளி, பதினேழு மைக்ரோன். இலக்கம் குறையக் குறைய மயிர் மெல்லிசாம். அரைநாள் நானே கட்டியிருந்து பார்த்துவிட்டுத்தான் பொதி செய்தேன். பழையதைக் கோட்டுக்கு வெளியே கட்டினால் குத்தாது, விருப்பமில்லை என்றால் விடுங்கள்.

பொதி கிடைத்ததும் வரும் ஞாயிறு பின்னேரம் நான் கோல் எடுக்கிறேன். சும்மா ஒரு சேர்ட்டோடு வாருங்கள். இனி நான் தருவது குத்தினால், குத்துது மாமா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேணும். பொறுத்துக்கொண்டு இருக்க நீங்கள் வெளி ஆள் இல்லை.

இரண்டு பேரும் நல்லாயிருக்க வேணும்.

உங்கள் மாமா,
நமசிவாயம்