கஞ்சி போட்ட முப்பது நோட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி, கடையிலிருக்கும் மூன்று இஸ்திரிப் பெட்டிகள் எல்லாரும் நல்ல சூட்டில் இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அங்கே உன் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, அடுத்தவர் கட்டிலுக்கெல்லாம் விரிப்புப் போட்டபின் உன் கட்டிலிலும் கொஞ்சம் படுத்து, சௌக்கியமாக இருக்க வேண்டும். நீ சம்பளத்தில் மிச்சம் பிடித்து எங்களுக்கு எடுத்துக் கொடுத்த கப்பல் பயணம் முடிந்து முந்தாநாள் வீடு வந்து சேர்ந்தோம். ஆறு நாளும் சலவைக்கடையைத் தம்பிதான் பார்த்துக்கொண்டான், ஒரே ஒரு தப்புதான் நடந்தது என்கிறான், பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டை இறைச்சிக் கடைக்காரருக்கும் அவருடையதை டாக்டருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டானாம். இறைச்சிக் கடையில் இரண்டு பேர் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டுப் போனார்களாம், கடைக்காரரும் பார்த்துவிட்டுப் பிடுங்கணும்னு சொன்னாராம். டாக்டர் இன்னும் நம்மோடு பேசவில்லை. அது கிடக்கட்டும், இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறே.

உங்கள் கம்பெனியில் ஒரு கப்பலில் தும்மினால் அடுத்த கப்பலில் மாத்திரை தேடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் எவளோ ஒரு பயணியம்மாள் கள்ளநோட்டைத் துவைத்துத் தேய்த்துக் கட்டுக்கட்டாகக் கப்பலுக்குக் கொண்டுவந்தாள் என்ற கதை இந்நேரம் உன் காதுக்கு வந்திருக்கும். நீயும் யாரடி அந்தக் கிறுக்கி என்று சிரித்திருப்பாய். அந்தக் கிறுக்கி உன்னைப் பெற்றவள்தான். மற்றவர்கள் சொல்வதில் காலும் கையும் முளைத்திருக்கும், நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அங்கங்கே கொஞ்சம் உப்பு போட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாம் உன் கடிதத்தில்தான் ஆரம்பித்தது. போன வருஷம் எழுதியிருந்தாயே, அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் சிலர் டிப்ஸ் வைப்பார்கள், சிலர் அறிவுரை வைப்பார்கள், ஆனால் யாரோ ஒரு தாத்தா வழக்கத்தில் இல்லாத ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார், அதை மட்டும் செலவழிக்க மனசே வரவில்லை, பர்சிலேயே இருக்கிறது என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே ஆசை. என் பிள்ளை வேலை பார்க்கிற மாதிரி வேலை பார்க்கிறவர்களுக்கு நாமும் அப்படி ஒன்று கொடுக்க வேண்டும், நம்மை அவர்கள் மறக்கக் கூடாது என்று. கடவுள் அந்த ஆசையை அப்படியே நிறைவேற்றிவிட்டார், இனி அந்தக் கப்பலில் ஒருத்தரும் என்னை மறக்க மாட்டார்கள். பாங்கில் போய்க் கேட்டேன். இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு காலத்தில் முப்பது நோட்டு என்று ஒன்று அடித்தார்களே, உனக்கு நினைவிருக்காது, எங்களுக்கே சரியாக நினைவில்லை, அது இன்றைக்கும் செல்லுமாம், வாங்கத்தான் ஆளில்லையாம். கேஷியர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு நிம்மதி, வீட்டில் பல வருஷமாக உட்கார்ந்திருந்த விருந்தாளியை ஒருத்தி வந்து தன் வீட்டுக்குக் கூப்பிட்டமாதிரி. நாற்பது நோட்டு எடுத்துக் கொடுத்தார். எல்லாம் ஒரே அழுக்கு, பிசுபிசுப்பு, ஒன்றில் யாரோ துணிக்கு அளவு எழுதியிருந்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, முப்பது வருஷமாக நம் கடையிலிருந்து அழுக்கோடு ஒரு கைக்குட்டை வெளியே போனதில்லை. அப்படிப்பட்ட கையால் அழுக்கு நோட்டை எப்படி நீட்டுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசினேன், கஞ்சியில் முக்கினேன், நிழலில் உலர்த்தி மெல்லிய துணி போட்டுத் தேய்த்தேன். உன் அப்பா எதையும் மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் சொல்வார் என்பது தெரிந்ததுதான், நாலாம் நாள் வந்து, நோட்டுக்குப் போய்க் கஞ்சி போடலாமா என்று கேட்டார். அதற்குள் நாற்பதும் பெட்டியில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தன, சல்யூட் அடிக்காததுதான் பாக்கி. ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்து, இதால முகச்சவரமே பண்ணலாம் போல இருக்கேன்னு மட்டும் சொன்னார்.

கப்பல் நன்றாகத்தான் இருந்தது, அறை சின்னதுதான், கட்டிலிலிருந்து இறங்கினால் குளியலறை, குளியலறையிலிருந்து இறங்கினால் கட்டில். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் நாற்பது வயசுக்காரர், ரொம்ப மரியாதை, தினம் சாயங்காலம் துண்டை மடித்து ஒரு யானை செய்து படுக்கையில் உட்கார வைத்துவிட்டுப் போவார், அதனால் நாங்கள் அவரை யானைக்காரர் என்றே சொல்வோம். யானையின் காது மட்டும் கொஞ்சம் தொங்கியது, நான் தொழில்காரி, கை சும்மா இருக்குமா, அவர் போனதும் அவிழ்த்து மடித்துச் சரி செய்தேன், அதன்பின் அது யானை மாதிரியும் இல்லை, துண்டு மாதிரியும் இல்லை. அவருக்குப் பெரிய பெண் இந்த வருஷம் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாளாம், இந்தப் பயணத்தோடு ஒப்பந்தம் முடிகிறதாம், புது ஒப்பந்தத்தில் கையெழுத்தானால்தான் அவள் இரண்டாம் வருஷம் படிக்க முடியும் என்றார். முதல் நாளே அவருக்கு ஒரு முப்பதைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப சந்தோஷம்மா என்று வாங்கிக்கொண்டார், நான் அதையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தினம் ஒன்று, மற்றவர்களுக்கும் வாரிவாரிக் கொடுத்தேன். சூப் கொண்டுவரும் சர்வர் சட்டைப்பையில் வைத்தார், அது மடங்காமல் அவர் முகவாயைக் குத்திக்கொண்டே இருந்தது. காப்பி கொடுக்கிற பெண் இதை எந்தக் கவுண்ட்டரில் காட்டணும் மேடம், பரிசு என்ன என்று கேட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் பியானோ வாசிக்கிறவர் அரை மணி நேரம் கழித்து எங்கள் மேஜைக்கு வந்து, மன்னிச்சுக்கங்க, என் பட்டியல்ல இருபத்தெட்டு பாட்டுதான் இருக்கு, முப்பதாவது பாட்டு இல்லைன்னு வருத்தப்பட்டார். இப்படி மூன்று நாளில் இருபத்திரண்டு நோட்டு கைமாறிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் அறைக்கு வந்தால் படுக்கையில் துண்டு சப்பையாகக் கிடக்கிறது, யானையைக் காணோம், யானைக்காரரையும் காணோம். சூப் சர்வரிடம் கேட்டேன், அவர் கிண்ணத்தை வைக்கிற சாக்கில் குனிந்து காதோடு சொன்னார். யானைக்காரர் வீட்டுக்குப் பணம் அனுப்பக் கணக்கு அதிகாரியிடம் போயிருக்கிறார், சம்பளத்தோடு நம் நோட்டு மூன்றையும் நீட்டியிருக்கிறார், நோட்டுப் பார்க்கிற மிஷின் மூன்று தரம் வாங்கி மூன்று தரமும் துப்பிவிட்டது. அதிகாரி புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார், முப்பது நோட்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அபூர்வம், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு கொக்கு தெரிய வேண்டும் என்று போட்டிருக்கிறது. பிடித்துப் பார்த்தால் கொக்கும் இல்லை, கொக்கின் காலும் இல்லை. கனம் வேறு இரண்டு மடங்கு. யார் கொடுத்தது என்று கேட்டதற்கு இந்த மனுஷன் எங்களைச் சொல்லவில்லையடி. கீழே கிடந்தது, எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். வயசானவங்க, வேணும்னேவா பண்ணியிருப்பாங்க, அவங்களப் போலீஸ்ல விடறதான்னு சர்வரிடம் மட்டும் சொன்னாராம். எனக்கு ஐம்பத்தொன்றுதான் ஆகிறது, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கண்டெடுத்ததை ஒப்படைக்காததும் குற்றம், கள்ளநோட்டு வைத்திருந்ததும் குற்றம், ஆளை அறையில் உட்கார வைத்துவிட்டார்கள், நாளைக் காலை துறைமுகத்தில் இறக்கிப் போலீசில் விடப் போகிறார்கள், அதோடு வேலையும் போச்சு, அந்தப் பெண்ணின் படிப்பும் போச்சு.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு முதலில் வந்த எண்ணம் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்பதுதான். டிக்கெட் உன் பெயரில் எடுத்தது, ஊழியர் குடும்பம் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது, என் பேர் கெட்டால் உன் வேலைக்கும் வேட்டு வைத்த மாதிரிதானே. சூப் ஆறுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிரே உன் அப்பா ஸ்பூனைக் கீழே வைத்தார். அந்த அறையில நம்ம பொண்ணு உட்கார்ந்திருந்தான்னா, கொடுத்தவங்க சூப் குடிச்சுக்கிட்டு இருக்கணுமா, எழுந்திரு என்றார். மூன்று நாள் யோசிக்கவில்லையடி, மூன்று நொடி.

கணக்கு அதிகாரி ஒரு கண்ணாடியைக் கண்ணிலும் இன்னொன்றைத் தலையிலும் மாட்டியிருக்கிற அம்மாள். நோட்டு எங்களுடையது, அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன். என்ன மிஷினில் செய்தீர்கள் என்று கேட்டார். எட்டுக் கிலோ இஸ்திரிப் பெட்டி என்றேன். எழுதிக்கொண்டார். கூட்டாளி யார் என்றார். உன் அப்பா கையைத் தூக்கினார். என்னென்ன ரசாயனம் என்றார். சோப்பு, கஞ்சி என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, ரெண்டு கண்ணாடியையும் ஒரு தரம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். பாங்குக்குப் பேசிப் பார்த்தார்கள், அன்றைக்கு விடுமுறை. அதற்குள் நோட்டு வாங்கிய எல்லாரும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள், வரவேற்பு மேஜை முன்னால் வரிசை நிற்கிறது, பியானோக்காரர் தன் நோட்டை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குகிறாற்போல் தூக்கிவந்தார். மானம் கப்பலேறுவது என்று சும்மா சொல்வோமே, எனக்கு டிக்கெட்டோடு ஏறியது. அப்போது உன் அப்பா, கொக்கு உள்ளேதான் இருக்கும், இவ கஞ்சிக்குள்ள மறைச்சு வச்சிருக்கா, திரும்பத் துவைச்சாத் தெரிஞ்சிடும் என்றார். அதிகாரி தடயத்தைத் துவைக்கக் கூடாது என்றார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணே ஒண்ணும்மா, சாயம் போச்சுன்னா நானே முதல்ல இறங்கிடறேன் என்றேன். அதிகாரி தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

கப்பலின் அடித்தளத்தில் சலவைக்கூடம், நம் கடையை இருபது தரம் உள்ளே வைக்கலாம், ஒரு மிஷின் நம் தெருவையே துவைக்கும். அதற்குத் தலைவர் ஒரு மலை மாதிரி மனுஷர், சலவை மாஸ்டர் என்கிறார்கள். நோட்டைக் கையில் வாங்கினார். காதருகே வைத்துச் சுண்டினார். மூலையை நாக்கில் தொட்டார். அதிகாரியம்மா, பேப்பர் நல்ல பேப்பர்தான், ஆனா யார் போட்டாங்களோ, கஞ்சி ரெண்டு மடங்கு அதிகம் என்றார். கள்ளநோட்டுக்காரி என்று சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு சுருக்கென்று இல்லை. முப்பது வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருத்தன் அப்படிச் சொன்னதில்லை. இருந்தாலும் யானைக்காரரை நினைத்து வாயை மூடிக்கொண்டேன், உன் அப்பா அதைத்தான் இந்தப் பயணத்தின் அதிசயம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒரு வாளி வெந்நீர் வந்தது. நோட்டை உள்ளே விட்டோம். அதிகாரி, சூப் சர்வர், பியானோக்காரர், காப்பிப் பெண், எங்கிருந்தோ இரண்டு சமையல்காரர்கள், எல்லாரும் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறோம். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது, என் தொழிலே அதில் கரைந்து போகிறது. நோட்டு மெல்ல உடம்பைத் தளர்த்திக்கொண்டது. சாயம் போகவில்லை. மாஸ்டர் எடுத்து, துண்டில் ஒற்றி, விளக்குக்கு நேரே பிடித்தார். கொக்கு நின்றது, ஒற்றைக் காலில், கழுத்தை லேசாகச் சாய்த்துக்கொண்டு, இத்தனை நேரம் எங்கே போயிருந்தீங்கன்னு எங்களைக் கேட்கிற மாதிரி. காப்பிப் பெண் கை தட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, தன் குறிப்பில் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார், எட்டுக் கிலோ இஸ்திரிப் பெட்டி மட்டும் அடிபடாமல் கிடந்தது.

இருபத்திரண்டையும் துவைத்து, கொடி கட்டி, கிளிப் போட்டுக் காயவைத்தோம், நோட்டுக்காரர்கள் அவரவர் நோட்டுக்குக் கீழே காவல் நின்றார்கள். யானைக்காரரைக் கூட்டிவந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் எங்களச் சொல்லல என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, டிப்ஸ் கொடுக்கறதுக்கு முன்னால நோட்டத் தேச்சுக் கொடுத்தவங்க நீங்க மட்டும்தான்மா, அவங்கள எப்படிக் காட்டிக் கொடுக்கறது என்றார். உன் அப்பா முழங்கால் வலிக்கிறது என்று திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி நாள் காலையில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டதாம், அதிகாரியே வந்து சொன்னார். அன்றைக்கு அறைக்குள் போனால் படுக்கையில் யானை. இந்தத் தரம் காது இரண்டும் தொங்கவில்லை, விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது, தொட்டுப் பார்த்தேன், அளவாகக் கஞ்சி போட்டுத் தேய்த்த காது. தும்பிக்கையில் ஒரு சீட்டு, சலவை மாஸ்டர் கையெழுத்து. ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் மாவு, அவ்வளவுதான்மா, என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டை நம் கடையில் கஞ்சிச் சட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அவர் சொன்னது சரி என்று உன்னிடம் மட்டும்தான் ஒப்புக்கொள்வேன்.

இதோடு ஒரு முப்பது நோட்டு வைத்திருக்கிறேன், துவைத்தது, கஞ்சி போடாதது. அந்தத் தாத்தா கொடுத்த நோட்டுக்குப் பக்கத்தில் துணையாக வை. இன்னொன்று, இதுதான் முக்கியம். யாராவது எதையாவது கொடுத்து உனக்கு வம்பு வந்தால், பெரிய மனசு பண்ணி மறைக்காதே கண்ணு, கொடுத்தவர் யார் என்று சொல்லிவிடு. அவர்கள் ஆறு நாளில் இறங்கிப் போகிறவர்கள், நீ அங்கேயே இருக்க வேண்டியவள். நல்லவர்களாக இருந்தால் சூப்பை வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். நீ நீண்ட ஆயுசோடும் நிறைந்த மனசோடும் இருக்க அப்பாவும் நானும் தினம் வேண்டிக்கொள்கிறோம். யானைக்காரர் என்றைக்காவது உன் கப்பலுக்கு மாறி வந்தால், நீ யார் பெண் என்று சொல்லு, உன் பங்குச் சாப்பாட்டில் பாதி அவருக்கு. பல் டாக்டருக்கு என்ன சொல்லிச் சமாதானம் செய்யலாம் என்று யோசித்து உடனே பதில் போடு.

இப்படிக்கு,
உன் பேரைக் கெடுக்காமல் மயிரிழையில் தப்பிய
அம்மா

(அப்பா ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கியிருக்கிறார். மூன்று நாள் ஆகும். அதனால் ஒட்டிவிட்டேன்.)