தோளுக்கு வராத சகலாத்து

இன்று காலை கோட்டை வாசலில் சிவப்புச் சகலாத்தை வெயிலில் விரித்திருந்தார்கள். கப்பலின் அடித்தட்டில் மாதக்கணக்காகக் கிடந்த கம்பளித் துணி. தாரும் மிளகும் கலந்த அதன் வாடை துறை வரைக்கும் வந்தது. எனக்குக் குமட்டியது. உனக்கென்றால் பிடித்திருக்கும்.

நீ அதற்கு ஆசைப்பட்டாய். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கப்பல் பருவம் முடிந்ததும், கோட்டையை ஆளும் ஒல்லாந்தர் சிறந்த படகோட்டி என்று ஒருவனைக் கோட்டைக்குக் கூப்பிட்டு, தம்பட்டம் அடித்து, அந்தத் துணியைத் தோளில் போர்த்துவார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பவன் துறை மணியக்காரன். முகத்துவாரத்து அலையைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவன். வருடம் தவறாமல் அவன் கண்ணுக்குத் தன் மைத்துனன்தான் தெரிந்தான். அந்தச் சிறந்த படகோட்டி, படகில் ஏறினால் இரண்டாவது அலைக்கே வாந்தி எடுப்பான்.

ஒருமுறை நீயே போய்க் கேட்டுவிட்டாய். "இன்னா பண்ணா எனக்குக் குடுப்பீங்க? சொல்லுங்க, பண்றேன்."

மணியக்காரன் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான்: "உனுக்கு எதுக்குப்பா நல்ல துணி? நீ எப்பவும் ஈரமாத்தானே கீறே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக உன்மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

பிறகு வந்தது அந்த வாடைக்காற்று நாள். கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கரையில் ஒருவரும் அசையவில்லை. நீ நம் படகைத் தள்ளினாய். உன்னைத் தனியே விட முடியாமல், உன்னோடு துடுப்புப் போடும் நாங்களும் ஏறினோம். பின்துடுப்பைக் காலால் அணைத்துக்கொண்டு, மூழ்கியவர்களைத் தலைமுடியைப் பற்றி இரு கையாலும் தூக்கினாய். மணியக்காரன் அந்நேரம் கிடங்குக்குள் நின்று, கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோட்டையில் தம்பட்டம் கேட்டபோது, தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த வேட்டி கட்டி, நீ முன்னால் போய் நின்றாய். "தக்க நேரத்தில் படகை அனுப்பியவர்" என்று மணியக்காரனையே கூப்பிட்டார்கள். அந்த வெயிலில் கம்பளிக்குள் வியர்த்து ஒழுகினான், ஆனாலும் கழற்றவில்லை. நான் காறித் துப்பினேன். நீ மட்டும், "அடுத்த தபா குடுப்பாங்கடா" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் முகத்துவாரம் உன்னை எடுத்துக்கொண்டது. பசியாவரம் குப்பத்தில் உன் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, மடித்த சகலாத்தோடு மணியக்காரன் வந்தான். செருப்பில் சேறு ஒட்டாமல் நடப்பதிலேயே அவனுக்குக் கவனம். போர்த்தக் குனிந்தவனை உன் மனைவி நிறுத்தினாள்.

"சும்மா போத்திட்டுப் போவாதீங்க. யாருக்கு, எதுக்குக் குடுக்கிறீங்கன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

மணியக்காரன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டான்: "இவன் பேரு இன்னாப்பா?"

அத்தனை வருடம் அவன் துறையில் நீ படகோட்டியிருந்தாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. கூடியிருந்த ஒருவரும் சொல்லவில்லை. உன் மனைவி துணியை வாங்கி அவன் தோளிலேயே போட்டாள். "நீங்களே வெச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் பழக்கம்." அவன் திரும்பியபோது யாரும் ஒதுங்கி வழிவிடவில்லை. சேற்றில் இறங்கித்தான் போனான்.

இப்போது நம் படகை நான் செலுத்துகிறேன். மணியக்காரன் இன்னும் அதே துறையில் வெற்றிலை மெல்கிறான். சரக்கு நனையாமல் கரை சேர்ந்ததும் நான் வியாபாரியை நகர விடுவதில்லை. துடுப்புப் போட்ட ஒவ்வொருவனையும் காட்டிப் பெயர் சொல்வேன். "சரி, சரி" என்று பலர் முகம் சுளிப்பார்கள். நேற்று ஒருவர் மட்டும் நின்று கேட்டு, "கன்னியப்பா, நல்லா இரு" என்றார். கன்னியப்பன் முகத்தைக் காட்டாமல், சுத்தமாக இருந்த படகையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

எல்லாப் பெயரையும் சொல்லி முடித்ததும் உன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். அது யார் என்று வியாபாரிகள் படகுக்குள் தேடுகிறார்கள்.