மிட்டாயும் ஆழ்மனமும்

18-7-1978, செவ்வாய்

தங்கை வள்ளி பள்ளிக்குப் போக மறுக்கிறாள். ஆசிரியர் பயிற்சியில் உளவியல் படிக்கும் மாமாவும் அவர் நண்பரும் காபி குடித்தபடி அவளை ஆராய்ந்தார்கள்.

"எல்லாம் பழக்கம். தெனம் மிட்டாய் குடுத்தா ஜல்தியா போவும்" என்றார் மாமா.

"ஆழ்மனசுல பயம் பூந்துகினு இருக்குதுப்பா. மிட்டாய் என்னா பண்ணும்?" என்றார் நண்பர்.

அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இந்த மேதைகள். அப்பா சலித்துப்போய், "பேஜாரா இருக்குது. நின்னுடட்டும்" என்றார்.

நான் கேட்டேன். "சாயம் போவலக்கா. அழுக்குக் கைன்னு டீச்சர் பிரேயர்ல அடிக்கிறாங்க" என்றாள். வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்துத் தோய்த்து, அவள் கை மணிக்கட்டுவரை சிவப்பு. அந்தக் கையால்தான் இருவருக்கும் காபி கொடுத்தாள்.

நாளை பிரேயரில் அவள் அருகே நானும் நிற்பேன். என் கைகளையும் சாயத்தில் தோய்த்தாயிற்று. இந்த டைரிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிவப்பு அதுதான்.